செல் இல்லாமல் புரதம்: மரபணுவையும் நொதியையும் சோதிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செல்லே இல்லாமல் புரதம் எப்படி உருவாகும்?

புரதம் செய்ய உயிருள்ள செல் வேண்டியதில்லை, அதற்குள் இருக்கும் கருவிகள் இருந்தால் போதும். ஈ. கோலை பாக்டீரியாவை உடைத்து, செல்சுவரையும் குரோமோசோமையும் படியவைத்து நீக்கினால் மிஞ்சுவது தேன் நிறத்தில் ஒரு சாறு. புரதத்தைக் கோக்கும் ரைபோசோம், அதற்கு அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் டி.ஆர்.என்.ஏ., அதில் அமினோ அமிலத்தை ஏற்றும் நொதிகள், சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுக்கும் நொதிகள் என எல்லாம் அதில் இருக்கும். உங்கள் டி.என்.ஏ.வையும் அமினோ அமிலங்களையும் ஆற்றல் தரும் பொருளையும் உப்புகளையும் சேர்த்து 30 டிகிரி செல்சியஸில் வைத்தால் சில மணி நேரத்தில் புரதம் கிடைத்துவிடும்.

இது புதிய யோசனை அல்ல. 1897-இல் எடுவர்ட் புக்னர், ஈஸ்டை அரைத்துப் பிழிந்த சாறே சர்க்கரையை நொதிக்க வைக்கும் என்று காட்டினார். 1961-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில், மார்ஷல் நைரன்பெர்க்கும் ஹைன்ரிக் மத்தேயும் ஈ. கோலை சாற்றில் யுரேசில் மட்டுமே கோத்த ஆர்.என்.ஏ.வைப் போட்டார்கள். 20 அமினோ அமிலங்களில் எது சங்கிலியில் சேர்கிறது என்று கதிரியக்க அடையாளத்தை வைத்துத் தேடினார்கள். சேர்ந்தது ஃபீனைல்அலனின். மரபுக் குறியீட்டில் மனிதர் படித்த முதல் சொல் யு.யு.யு. ஆனது இப்படித்தான். 1968 நோபல் பரிசை நைரன்பெர்க், ஹர் கோபிந்த் குரானா, ராபர்ட் ஹோலி மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

ஈ. கோலைக்குள்ளேயே புரதம் செய்யத் தெரியும். இதற்கு ஏன் மாற வேண்டும்?

எல்லாவற்றுக்கும் மாற வேண்டியதில்லை. படிகமாக்க 50 மில்லிகிராம் புரதம் வேண்டும் என்றால் பழைய வழியே மலிவு. செல்-இல்லா முறை கைகொடுப்பது மூன்று இடங்களில். ஒன்று, ஒரே நொதியின் நூறு மாறிய வடிவங்களில் எது வேலை செய்கிறது என்று இந்த வாரமே தெரிய வேண்டும்போது. குளோனிங், டிரான்ஸ்ஃபர்மேஷன், கல்ச்சர், செல் உடைப்பு எல்லாம் போய், பி.சி.ஆர். முடிந்த அன்றே அளவீடு எடுக்கலாம். இரண்டு, செல்லைக் கொல்லும் புரதங்கள். சாற்றுக்கு உயிர் இல்லை, எனவே சாகாது. மூன்று, கலவையை நீங்களே ஆள வேண்டும்போது. வினை நடக்கும்போதே டியூபைத் திறந்து ஒரு கோஃபாக்டரை (நொதிக்குத் துணையான சிறு மூலக்கூறு) சேர்க்கவோ, டி.என்.ஏ. அளவை 1 நானோமோலாரிலிருந்து 10-க்கு ஏற்றவோ செல்லுக்குள் முடியாது.

எந்தச் சாற்றை எடுப்பது?

பாக்டீரியா மரபணு, பாக்டீரியா நொதி என்றால் ஈ. கோலை சாறு. மலிவானது, ஒரு மில்லிலிட்டருக்கு சில நூறு மைக்ரோகிராம் முதல் ஒரு மில்லிகிராம் வரை புரதம் தரும். பல கூறுகள் கொண்ட பெரிய யூகேரியோட் புரதம் ஈ. கோலையில் மடியாமல் அடம்பிடித்தால் கோதுமை முளைச் சாறு. முயல் ரெட்டிகுலோசைட் (முதிராத சிவப்பணு) சாறு அளவில் கொஞ்சமே தரும், ஆனால் பாலூட்டிகளின் மொழிபெயர்ப்பை, அதாவது ஆர்.என்.ஏ. புரதமாவதை, படிப்பதற்கு இன்றும் அதைத்தான் தேடுகிறார்கள்.

தனி வகை ஒன்று உண்டு: 2001-இல் ஜப்பானில் ஷிமிசுவும் உயேதாவும் குழுவினரும் அறிவித்த பியூர் அமைப்பு. தனித்தனியாகச் சுத்தப்படுத்திய 30-க்கும் மேற்பட்ட புரதங்களையும் ரைபோசோமையும் டி.ஆர்.என்.ஏ.வையும் கலந்து செய்தது. டி.என்.ஏ.வைத் தின்னும் நொதிகளோ உங்கள் சப்ஸ்ட்ரேட்டை (நொதி வேலை செய்யும் பொருளை) தின்னும் நொதிகளோ அதில் அநேகமாக இல்லை. விலைதான் கண்ணைக் கட்டும். சாற்றில் பின்னணி அதிகமாக இருந்து அளவீடே கெடும்போது மட்டும் அதை எடுங்கள்.

சாற்றை நாமே தயாரிக்க முடியுமா?

முடியும். ஒரு ஷேக்கர், குளிர்விக்கும் சென்ட்ரிஃபியூஜ், ஒலியதிர்வால் செல்லை உடைக்கும் 3 மில்லிமீட்டர் முனையுள்ள சோனிகேட்டர், மைனஸ் 80 ஃப்ரீசர் இருந்தால் போதும்.

வழக்கமாக எடுக்கும் இனம் பி.எல்.21 ஸ்டார் டி.ஈ.3. இதில் ஆர்.என்.ஏ.வை வெட்டும் ஆர்.என்.ஏஸ்-ஈ நொதி முடமாக்கப்பட்டிருப்பதால், மரபணுவின் செய்தி நகலான எம்.ஆர்.என்.ஏ. கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். ஒரு லிட்டர் ஊடகத்துக்கு டிரிப்டோன் 16 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 10, சோடியம் குளோரைடு 5, டைபொட்டாசியம் பாஸ்பேட் 7, மோனோபொட்டாசியம் பாஸ்பேட் 3 கிராம். பி.எச். 7.2. குளுக்கோஸ் 18 கிராமைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து பிறகு சேருங்கள். ஒன்றாக வைத்தால் கருகிப் பழுப்பாகிவிடும். 37 டிகிரியில், ஓ.டி. (செல் பெருகியதைக் காட்டும் கலங்கல் அளவு) 0.6 முதல் 0.8 வரும்போது 1 மில்லிமோலார் ஐ.பி.டி.ஜி. என்னும் தூண்டுபொருளைப் போட்டால், டி.என்.ஏ.வை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் டி-7 பாலிமரேஸை செல்லே செய்து வைத்துக்கொள்ளும். ஓ.டி. 3 வந்ததும் அறுவடை. வளர்ச்சி வேகமாக இருக்கும்போதுதான் ரைபோசோம் நிறைந்திருக்கும். இரவு முழுக்க விட்டுக் காலையில் வந்து எடுத்தால் செல் நிறையக் கிடைக்கும், சாறு உதவாது.

செல்களைக் குளிர்ந்த எஸ்-30 பஃபரில் மூன்று முறை கழுவுங்கள்: 10 மில்லிமோலார் டிரிஸ்-அசிட்டேட் பி.எச். 8.2, 14 மக்னீசியம் அசிட்டேட், 60 பொட்டாசியம் அசிட்டேட், 2 டி.டி.டி. (ஒடுக்கும் தயால் சேர்மம்). பிறகு ஒரு கிராம் ஈரச் செல்லுக்கு ஒரு மில்லிலிட்டர் பஃபரில் கரைத்து, 1.4 மில்லிலிட்டராகப் பிரித்து, ஐஸ்-தண்ணீருக்குள் டியூபை நிறுத்தி சோனிகேட் செய்யுங்கள்: 50 சதவீத வீச்சில் 45 விநாடி ஓட்டம், 59 விநாடி ஓய்வு, மூன்று சுற்று. மொத்தம் 800 முதல் 900 ஜூல் போக வேண்டும். இந்த எண்ணைத்தான் குறித்துவைக்க வேண்டும், நிமிடத்தை அல்ல. ஒவ்வொரு கருவியும் அதே நேரத்தில் வேறு ஆற்றல் தரும். பால் போலிருந்த கலவை தெளிந்து கருமையாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முனை டியூபின் சுவரைத் தொட்டால் சூடேறி அந்த டியூப் வீண், நுரை வந்தாலும் அப்படியே.

18,000 ஜி விசையில் 4 டிகிரியில் 10 நிமிடம் சுழற்றி, மேல் சாற்றை மட்டும் எடுங்கள். அடியில் கிடக்கும் வழவழப்பைத் தொட ஆசைப்படாதீர்கள். கடைசி 100 மைக்ரோலிட்டரை விட்டுவிடுவது லாபம். சில இனங்களுக்கு இதன்பின் 37 டிகிரியில் ஒரு மணி நேர ரன்-ஆஃப் (ரைபோசோம்கள் பழைய எம்.ஆர்.என்.ஏ.வைப் படித்து முடிக்க விடுவது) உதவும், இந்த இனத்துக்கு பெரும்பாலும் வேண்டாம். சிறு பங்குகளாக்கி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு பங்கை ஒருமுறை உருக்கினால் அன்றே பயன்படுத்துங்கள், மறுபடி உறையவைத்து எடுக்கும்போது வீரியம் குறையும்.

வினைக்கலவையில் எது எவ்வளவு?

15 மைக்ரோலிட்டர் வினைக்கு சாறு 4 மைக்ரோலிட்டர், அதாவது கால் பங்குக்குச் சற்று மேல். மீதியில் இறுதிச் செறிவுகள் இப்படி இருக்க வேண்டும்: ஏ.டி.பி. 1.2 மில்லிமோலார், ஜி.டி.பி., யு.டி.பி., சி.டி.பி. தலா 0.85. இருபது அமினோ அமிலங்களும் தலா 2. ஆற்றலுக்கு பாஸ்போஈனால்பைருவேட் 33. பொட்டாசியம் குளூட்டமேட் 130, அமோனியம் குளூட்டமேட் 10, மக்னீசியம் குளூட்டமேட் 12. என்.ஏ.டி. 0.33, கோஎன்சைம்-ஏ 0.27, ஸ்பெர்மிடின் 1.5, பியூட்ரெசின் 1, சோடியம் ஆக்சலேட் 4, ஹெப்பெஸ் பஃபர் 57. இவற்றோடு மில்லிலிட்டருக்கு 170 மைக்ரோகிராம் டி.ஆர்.என்.ஏ.வும் 34 மைக்ரோகிராம் ஃபோலினிக் அமிலமும். பிளாஸ்மிட் மொத்தம் 200 நானோகிராம், 2.5 கிலோபேஸ் பிளாஸ்மிட்டானால் சுமார் 8 நானோமோலார்.

சாறும் டி.என்.ஏ.வும் தவிர்த்த எல்லாவற்றையும் ஒரே முன்கலவையாகச் செய்து உறையவைத்துவிடுங்கள். ஒவ்வொரு நாளும் 20 டியூபிலிருந்து பைபெட் செய்தால் ஒன்றாவது விட்டுப்போகும். அமினோ அமிலங்களில் டைரோசின் லேசில் கரையாது. அடியில் வெள்ளையாகத் தெரிந்தால் கலக்கிவிட்டே எடுங்கள்.

எல்லாரும் மக்னீசியம், மக்னீசியம் என்கிறார்களே, ஏன்?

ரைபோசோமின் இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிப்பதில் மக்னீசியத்துக்குப் பெரிய பங்கு. அதே மக்னீசியத்தை ஏ.டி.பி.யும் மற்ற நியூக்ளியோடைடுகளும் பாஸ்போஈனால்பைருவேட்டும் பற்றிக்கொள்ளும். வினை நடக்க நடக்க வெளிவரும் பாஸ்பேட்டும் பங்குக்கு வரும். மிச்சம் இருப்பதுதான் ரைபோசோமுக்கு. சாற்றுக்குச் சாறு இந்தக் கணக்கு மாறுவதால், புதிதாகச் செய்த ஒவ்வொரு சாற்றுக்கும் 6, 8, 10, 12, 14, 16 மில்லிமோலாரில் ஒரு வரிசை ஓட்டிப் பாருங்கள். 2 மில்லிமோலார் தள்ளிப்போனாலே விளைச்சல் பாதியாகும் சாறுகள் உண்டு. டி.என்.ஏ.வை, உலோக அயனிகளைப் பற்றும் ஈ.டி.டி.ஏ. உள்ள பஃபரில் கரைத்திருந்தால் அதுவும் மக்னீசியத்தைத் திருடும். வெறும் தண்ணீரில் கரையுங்கள்.

எதுவுமே வரவில்லை. எங்கிருந்து தேடுவது?

சாற்றைச் சந்தேகிக்கும் முன் டி.என்.ஏ.வைச் சந்தேகியுங்கள். பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுக்கும் மினிப்ரெப் கிட்டில் ஆர்.என்.ஏ.வைத் தின்னும் ஆர்.என்.ஏஸ்-ஏ நொதியைச் சேர்ப்பது வழக்கம். அது கொஞ்சம் பிளாஸ்மிட்டோடு ஒட்டிவந்தால் கூட எம்.ஆர்.என்.ஏ. உருவாக உருவாகத் தின்றுவிடும். பி.சி.ஆர். சுத்திகரிப்பு வடிகுழாயில் (column) ஒருமுறை ஓட்டி எடுப்பதே பலருக்குப் போதுமான மருந்து. மோசமான நிலையில் ஃபீனால்-குளோரோஃபார்ம். வடிகுழாயில் மிச்சமான எத்தனாலும் கெடுக்கும். டி.என்.ஏ.வை அதிலிருந்து கரைத்து எடுக்கும் முன் காலியாக ஒரு நிமிடம் கூடுதலாகச் சுழற்றுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் சூப்பர்-ஃபோல்டர் ஜி.எஃப்.பி. (பச்சையாக ஒளிரும் புரதம்) பிளாஸ்மிட் ஒரு டியூபும், டி.என்.ஏ. இல்லாத ஒரு டியூபும் இருக்க வேண்டும். பச்சை வருகிறது, உங்கள் புரதம் மட்டும் வரவில்லை என்றால் சாறு நிரபராதி. அப்போது அதே ஜி.எஃப்.பி. டியூபில் உங்கள் டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பாருங்கள். பச்சை சற்றே குறைந்தால் இரண்டு டி.என்.ஏ.வும் போட்டியிடுகின்றன, அவ்வளவுதான். பச்சை அடியோடு அணைந்தால் உங்கள் மாதிரியில் ஏதோ விஷம் இருக்கிறது. அணையவில்லை என்றால் பிரச்சினை மரபணு வரிசையில். ரைபோசோம் ஒட்டும் இடமும் தொடக்கக் கோடானும் (கோடான் என்பது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) சேர்ந்து இறுக்கமான கொண்டை போட்டிருக்கலாம். முதல் பத்துக் கோடான்களை ஏ, டி நிறைந்த ஒத்தபொருள் கோடான்களாக மாற்றினால் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.

பிளாஸ்மிட்டே வேண்டாம், பி.சி.ஆர். துண்டைப் போடலாமா?

போடலாம். பியூரில் நேராகவே போகும். ஈ. கோலை சாற்றில் ரெக்-பி-சி-டி நொதி, வளையமாக இல்லாத டி.என்.ஏ.வின் நுனியைப் பிடித்து மென்றுவிடும். அதை அடக்க லாம்ப்டா ஃபேஜின் காம்-எஸ் புரதத்தைச் சில மைக்ரோமோலார் அளவில், டி.என்.ஏ.வுக்கு முன்னதாகச் சாற்றில் சேருங்கள். ஐந்து நிமிடம் கழித்து டி.என்.ஏ.வைச் சேருங்கள், இந்த முறை மாறினால் பலனில்லை. டி-7 புரமோட்டருக்கு (படியெடுப்பு தொடங்கும் இடம்) முன்னும் டெர்மினேட்டருக்கு (அது முடியும் இடம்) பின்னும் வெற்று வரிசை கொஞ்சம் விட்டுவைத்தால், நுனி கடிபட்டாலும் முக்கியப் பகுதி தப்பும். ஜெல்லில் ஒரே பட்டை வராத பி.சி.ஆர். பொருளைப் போடாதீர்கள். குட்டைத் துண்டுகளும் பாலிமரேஸை இழுத்துக்கொள்ளும்.

எவ்வளவு புரதம் வந்தது என்று எப்படி அளப்பது?

மொத்தப் புரதத்தைச் சாயத்தால் அளக்கும் பிராட்ஃபோர்டு முறை இங்கே பயன்படாது. சாற்றின் சொந்தப் புரதமே ஒரு மில்லிலிட்டரில் பல மில்லிகிராம். நம்பகமான வழி கதிரியக்க கார்பன்-14 லூசினைச் சேர்த்து, டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் படியவைத்து எண்ணுவது. கதிரியக்க வசதி இல்லாதவர்கள் ஜி.எஃப்.பி.யின் பதினோராவது இழையை வாலாக ஒட்டி, மீதி பத்து இழைகளை வெளியிலிருந்து சேர்த்து ஒளிர்வை அளக்கலாம்.

ஜெல்லில் பார்ப்பதானால் ஒரு பொறி உண்டு. கலவையில் பொட்டாசியம் நிறைய இருப்பதால், ஜெல்லுக்குப் பயன்படும் டிடர்ஜென்டான எஸ்.டி.எஸ்.ஸோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும், பட்டைகள் இழுவிப்போகும். முதலில் நான்கு மடங்கு குளிர்ந்த அசிட்டோனில் படியவைத்து, கழுவி, பிறகு லோடு செய்யுங்கள்.

நொதியின் வேகத்தை அந்தச் சாற்றிலேயே அளக்கலாமா?

அளக்கலாம், ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். டி.இ.எம்.-1 பீட்டா-லாக்டமேஸை எடுத்துக்கொள்வோம், பெனிசிலினை உடைக்கும் நொதி. சப்ஸ்ட்ரேட் நைட்ரோசெஃபின்: முழுசாக இருக்கையில் மஞ்சள், உடைந்தால் சிவப்பு. 486 நானோமீட்டரில் பார்க்கலாம்.

முதல் வேலை, மரபணுவிலிருந்து, புரதத்தைச் சவ்வுக்கு வெளியே அனுப்பச் சொல்லும் 23 அமினோ அமில சிக்னல் பெப்டைடை வெட்டிவிட்டு மெத்தியோனினில் தொடங்குங்கள். சாற்றில் அதைக் கடத்த சவ்வு இல்லை. இரண்டாவது, பிளாஸ்மிட்டின் தேர்வு மரபணு ஆம்பிசிலினாக இருக்கக் கூடாது. அந்த ஆம்பிசிலின் மரபணுவே பெரும்பாலும் டி.இ.எம்.தான்! சாறு அதையும் படித்துப் புரதமாக்கும், நீங்கள் மாற்றிய வடிவம் செத்துக்கிடந்தாலும் டியூப் சிவக்கும். கனாமைசின் பிளாஸ்மிட் எடுங்கள்.

நான்கு மணி நேரம் 30 டிகிரியில் ஓட்டி, மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் வந்தது என்று வையுங்கள். நொதியின் எடை 29 கிலோடால்டன், எனவே செறிவு சுமார் 7 மைக்ரோமோலார். இதைப் பத்து மடங்கு மட்டும் நீர்த்து 100 மைக்ரோமோலார் நைட்ரோசெஃபினில் போட்டால், பிளேட்டை ரீடருக்குள் வைக்கும் முன்பே எல்லாம் சிவந்திருக்கும். 10,000 மடங்கு நீர்த்தால் நொதி 0.7 நானோமோலார், நிமிடங்களில் ஏறும் ஒரு நேர்க்கோடு கிடைக்கும். இத்தனை நீர்த்ததில் இன்னொரு நன்மை: சாற்றின் டி.டி.டி.யும் மறைந்துவிடும். தயால் சேர்மங்களும் நைட்ரோசெஃபினின் நிறத்தை மாற்றும் என்பதால் இது சிறிய விஷயமல்ல.

டி.என்.ஏ. இல்லாத டியூபையும் அதே மடங்கு நீர்த்து அதன் சரிவைக் கழியுங்கள். வடிவங்களை ஒப்பிடும்போது ஒவ்வொன்றின் புரத அளவாலும் வகுக்க மறக்காதீர்கள். ‘இந்த மாற்றம் நொதியை இரட்டிப்பு வேகமாக்கியது’ என்று சொல்லப்படுவதில் பாதி, உண்மையில் இரட்டிப்புப் புரதம் வந்ததுதான்.

இவ்வளவு வேகமில்லாத நொதிகளுக்கு நீர்க்க முடியாது. அங்கே சாற்றின் சொந்த வளர்சிதைமாற்றம் குறுக்கே வரும். என்.ஏ.டி.எச். (செல்லின் எலக்ட்ரான் கடத்தி) அளக்கும் எந்த வினையும் இதில் சிக்கும், சாறு அதைத் தானாகவே எரிக்கும். உப்பு நீக்கும் வடிகுழாயில் சிறு மூலக்கூறுகளை நீக்குவது பாதி உதவி. ஹிஸ்டிடின் வாலைப் பிடித்து நிக்கல் மணிகளில் சுத்தம் செய்வதோ, பியூருக்கு மாறுவதோ முழு உதவி.

டைசல்பைடு பாலம் உள்ள நொதி, உலோகம் உள்ள நொதி?

ஈ. கோலை சாறு ஒடுக்கும் தன்மை கொண்டது, இரண்டு கந்தக அணுக்கள் இணையும் இந்தப் பாலம் நிலைக்காது. சாற்றை 50 மைக்ரோமோலார் அயோடோஅசிட்டமைடில் அரைமணி நேரம் அறை வெப்பத்தில் வைத்து, கலவையில் ஒடுங்கிய குளூட்டாதயோன் 1, ஆக்சிஜனேற்றமடைந்தது 4 மில்லிமோலார் சேர்த்து, தவறான பாலத்தைச் சரிசெய்யும் டி.எஸ்.பி.-சி ஐசோமரேஸும் போட்டால் பல புரதங்கள் சரியாக மடியும். டி.டி.டி. சேர்த்த பஃபரை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. துத்தநாகம், இரும்பு, பி.எல்.பி. (வைட்டமின் பி6-இன் செயல்வடிவம்) போன்றவற்றை வினையின் தொடக்கத்திலேயே சேருங்கள். மடிந்து முடித்த பிறகு சேர்த்தால் உள்ளே போகாத நொதிகள் உண்டு. சவ்வுப் புரதங்களுக்கு நானோடிஸ்க் (சிறு வட்டச் சவ்வுத் துண்டு) அல்லது பிரிஜ்-35 போன்ற மென்மையான டிடர்ஜென்ட்.

புரமோட்டரையும் ஆர்.என்.ஏ.வையும் இதில் படிக்கலாமா?

சொல்லப்போனால் அதற்கு இதைவிட வசதி கிடையாது. ஈ. கோலையின் வழக்கமான வகையான சிக்மா-70 புரமோட்டர்களைச் சாற்றின் சொந்தப் பாலிமரேஸே படிக்கும். எம்.ஆர்.என்.ஏ.வில் மலக்கைட் கிரீன் ஆப்டமரை (அந்தச் சாயத்தைப் பிடித்து ஒளிரவைக்கும் ஆர்.என்.ஏ. துண்டு) ஒட்டி, புரதத்தில் ஜி.எஃப்.பி. வைத்தால், படியெடுப்பும் மொழிபெயர்ப்பும் இரண்டு நிறமாக பிளேட்டின் ஒரே கிணற்றில் (குழியில்) தெரியும். இந்த வேலைக்கு டி.என்.ஏ.வை நானோகிராமில் அல்ல, நானோமோலாரில் கணக்கிடுங்கள், பிளாஸ்மிட் நீளம் மாறினால் நானோகிராம் ஏமாற்றும். 10 நானோமோலாருக்கு மேல் போனால் ரைபோசோம்கள் நிரம்பிவிடும், வலுவான புரமோட்டரும் நடுத்தரமானதும் ஒன்றுபோலத் தெரியும்.

ஒரே கலவை, மூன்று டியூப், மூன்று விடை. ஏன்?

சாறு கெட்டியானது. பைபெட்டின் வெளிப்புறத்தில் ஒட்டும் ஒரு துளியே 4 மைக்ரோலிட்டரில் பெரிய பிழை. ஒவ்வொரு டியூபுக்கும் தனித்தனியாகச் சாறு எடுக்காமல், மொத்தக் கலவையாகச் செய்து பங்கிடுங்கள். அடுத்தது ஆக்சிஜன். 15 மைக்ரோலிட்டரை 1.5 மில்லிலிட்டர் டியூபின் அடியில் மெல்லிய படலமாக வைத்தால் நன்றாக வரும். அதே கலவையை 200 மைக்ரோலிட்டர் பி.சி.ஆர். டியூபில் நிரப்பினால் குறையும். அளவைப் பெருக்க வேண்டுமானால் தட்டையான அடியுள்ள கிணறு எடுங்கள். ஓரக் கிணறுகள் ஆவியாகி உப்புக் கூடும், பிளேட்டை ஒட்டுப்படத்தால் மூடி, ஓரத்துக் கிணறுகளில் வெறும் தண்ணீர் விடுங்கள்.

உலர்த்தி வைத்தால் ஃப்ரீசர் வேண்டாமா?

வேண்டாம். 2014-இல் கீத் பார்டியும் ஜேம்ஸ் காலின்ஸும் குழுவினரும் சாற்றையும் டி.என்.ஏ.வையும் காகிதத் துண்டில் உறையவைத்து உலர்த்தி, பிறகு தண்ணீர் விட்டால் மறுபடி வேலை செய்யும் என்று காட்டினார்கள். 2016-இல் அதே வழியில் ஜிகா வைரஸைக் கண்டறியும் காகிதம் வந்தது. ஆய்வகத்தில் செய்யும்போது டிரெஹலோஸ் போன்ற சர்க்கரை சேர்ப்பது பாதுகாப்பு. உலர்ந்த மாதிரியைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பையில் அடைத்து வையுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பையைத் திறந்துவைத்தால் பொடி ஒரே மதியத்தில் பசையாகிவிடும், அந்தப் பசையில் தண்ணீர் ஊற்றினாலும் பச்சை வராது.